பெயர் எழுதாத கல்லறை: வாஷிங்டன் பயணக் குறிப்புகள்

புதன், லாஃபயட் சதுக்கம்

வெள்ளை மாளிகை வேலிக்கு வெளியே எப்போதும் போல நல்ல கூட்டம். ஆளாளுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்க்க வந்த இடம் அவர்களுக்குப் பின்பக்கம் இருந்தது. லாஃபயட் சதுக்கத்தைக் குறுக்கே கடந்தால் எச் தெரு. அதுவும் பதினாறாம் தெருவும் சேரும் முனையில் ஹே-ஆடம்ஸ் ஹோட்டல் நிற்கிறது. 1928-ல் திறந்த ஹோட்டல் அது. அதற்காக இடித்த இரண்டு வீடுகளில் ஒன்றுதான் என்னை இந்த ஊருக்கு வரவழைத்தது.

ஒரு வீடு ஜான் ஹேயுடையது. லிங்கனிடம் செயலாளராக இருந்து, பிற்காலத்தில் வெளியுறவு அமைச்சரானவர். ஒட்டினாற்போல இருந்த இன்னொரு வீடு அவருடைய நண்பர் ஹென்றி ஆடம்ஸுடையது. ஆடம்ஸ் வரலாற்றாசிரியர். அவருடைய கொள்ளுத்தாத்தா ஜான் ஆடம்ஸ், தாத்தா ஜான் குவின்சி ஆடம்ஸ், இருவருமே அமெரிக்க ஜனாதிபதிகள். இரண்டு வீட்டுக்கும் கட்டடக் கலைஞர் ஒருவரேதான், ஹெச். ஹெச். ரிச்சர்ட்சன். வீடு எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் ஆடம்ஸும் அவர் மனைவி மரியனும் அதே தெருவில் பக்கத்திலேயே வாடகைக்கு இருந்தார்கள்.

மரியனை எல்லாரும் க்ளோவர் என்றுதான் கூப்பிடுவார்கள். பாஸ்டனில் 1843-ல் பிறந்தவர். ஐந்து வயதில் அம்மா இறந்துபோக, அப்பா டாக்டர் ராபர்ட் ஹூப்பர்தான் வளர்த்தார். 1872-ல் கல்யாணமாகி, பிறகு வாஷிங்டனுக்கு வந்த பின்னும் ஞாயிற்றுக்கிழமை காலையென்றால் அப்பாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்துவிடுவார். ஊர் வம்பு, அரசியல், யார் விருந்துக்கு யார் வந்தார்கள், எல்லாம் அதில் இருக்கும். கூர்மையான நாக்கு. இந்த வீட்டுக்கு விருந்துக்கு அழைப்பு வருவதைப் பெரிய விஷயமாக அன்றைய வாஷிங்டன் நினைத்தது.

1883-ல் க்ளோவர் புகைப்படம் எடுக்கக் கற்றுக்கொண்டார். பொழுதுபோக்காகத் தொட்டது வெறியாகவே ஆகிவிட்டது. கண்ணாடித் தட்டுகளில் படம் பிடித்து, தானே கழுவி, அச்சுப் போட்டு, ஆல்பத்தில் ஒட்டுவார். வரலாற்றாசிரியர் ஜார்ஜ் பான்கிராஃப்டை அவர் எடுத்த படம் ஒரு பத்திரிகைக்குப் பிடித்துப்போய் வெளியிடக் கேட்டார்கள். கணவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

1885 ஏப்ரலில் அப்பா இறந்தார். அதன்பிறகு க்ளோவரால் எழுந்திருக்க முடியவில்லை. மன அழுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. அந்த வருஷம் டிசம்பர் 6-ஆம் தேதி, படம் கழுவுவதற்காக வைத்திருந்த ரசாயனத்தைக் குடித்து உயிரை விட்டார். வயது 42. அன்று ஞாயிற்றுக்கிழமை. அப்பாவுக்குக் கடிதம் எழுதும் நாள்.

புது வீட்டில் அவர் ஒரு நாள்கூட வாழவில்லை. ஆடம்ஸ் மட்டும் அந்த மாதக் கடைசியில் அங்கே குடிபோனார்.

ஹோட்டல் வாசலில் கார்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. எதிர்ச்சாரியில் நின்று அந்தக் கல் முகப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். 'ஆடம்ஸ்' என்ற பெயர் ஹோட்டலின் பெயரில் பாதியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. க்ளோவருக்கு இந்தத் தெருவில் எதுவும் இல்லை.

வியாழன், ராக் க்ரீக்

முதலில் வழி. க்ளோவரின் கல்லறை இருக்கும் ராக் க்ரீக் கல்லறைத் தோட்டம் ராக் க்ரீக் பூங்காவுக்குள் இல்லை. பெயரை நம்பிப் பூங்காவுக்குப் போனால் தேடிக்கொண்டேதான் இருக்க வேண்டும். நான் தங்கியிருப்பது சில்வர் ஸ்பிரிங்கில், சித்தி மகள் வீட்டில். அங்கிருந்து சிவப்பு வழி மெட்ரோவில் ஃபோர்ட் டாட்டன் வந்து, பச்சை வழிக்கு மாறி, அடுத்த நிறுத்தமான ஜார்ஜியா அவென்யூ-பெட்வொர்த்தில் இறங்கி நடந்தேன். வரிசை வீடுகள், சின்னச் சின்ன வாசல் தோட்டங்கள், அப்புறம் திடீரென்று ஒரு நீண்ட வேலி.

இது செயின்ட் பால்ஸ் தேவாலயத்தின் நிலம். அதன் திருச்சபைப் பங்கு தொடங்கியது 1712-ல், அதாவது வாஷிங்டன் என்ற நகரமே பிறப்பதற்கு முன். 86 ஏக்கர். மேடும் பள்ளமுமான புல்வெளி, பெரிய ஓக் மரங்கள், இலை பழுத்த மேப்பிள்கள். அக்டோபர் கடைசி என்பதால் பாதை தெரியாத அளவுக்குச் சருகு. அலுவலகத்தில் வரைபடம் தந்தார்கள். "ஆடம்ஸா?" என்று அந்த அம்மா நான் கேட்கும் முன்பே பேனாவால் ஒரு வட்டம் போட்டார்.

போகிற வழியிலேயே நின்றுவிட்டேன், ஏனென்றால் இந்தத் தோட்டத்தில் வெண்கலத்துக்குப் பஞ்சமில்லை. காஃப்மன் குடும்பத்துக்கு வில்லியம் ஆர்ட்வே பார்ட்ரிட்ஜ் 1897-ல் செய்த நினைவுச் சின்னத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். மனித வாழ்வின் ஏழு பருவங்கள் பற்றி ஷேக்ஸ்பியர் எழுதியது சுற்றிலும் புடைப்புப் பலகைகளாக இருக்கிறது. குழந்தை, மாணவன், காதலன், போர்வீரன் என்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போகலாம். இன்னொரு பக்கம் 'ரபூனி', 1909-ல் கட்சன் போர்க்லம் செய்தது. மலையில் ஜனாதிபதிகளின் முகங்களைச் செதுக்கிய அதே போர்க்லம்தான். உயிர்த்தெழுந்த இயேசுவை மகதலேனா மரியாள் அடையாளம் கண்டுகொள்ளும் கணம். இரண்டும் நல்ல வேலைப்பாடு. இரண்டுமே வந்தவரிடம் நின்று கதை சொல்கின்றன.

ஆடம்ஸ் நினைவிடத்தைத் தூரத்திலிருந்து பார்க்கவே முடியாது. சுற்றிலும் அடர்த்தியாக மரமும் புதரும். ஒரு திறப்பின் வழியாக உள்ளே நுழைந்து திரும்பினால்தான் தெரியும். கூழாங்கல் பரப்பிய அறுகோணத் தரை. ஒரு பக்கம் வளைந்து நீளும் கல் இருக்கை. அதற்கு எதிரே மெருகேற்றிய கிரானைட் பலகையில் முதுகு சாய்த்து அந்த உருவம். இருக்கையையும் தரையையும் பலகையையும் வடிவமைத்தவர் ஸ்டான்ஃபோர்ட் ஒயிட். உருவம் அகஸ்டஸ் செயின்ட்-காடென்ஸ் செய்தது. டப்ளினில் பிறந்து, கைக்குழந்தையாக அமெரிக்கா வந்து, செருப்புத் தொழிலாளியின் மகனாக நியூயார்க்கில் வளர்ந்த சிற்பி.

ஆளுயரத்தைவிடச் சற்றுப் பெரிய உருவம். தலை முதல் கால்வரை ஒரே போர்வை. அந்தப் போர்வை தலைக்கு மேல் முக்காடாக ஏறி, முன்னால் நீட்டிக்கொண்டு, முகத்தை நிழலுக்குள் தள்ளிவிடுகிறது. வலது கை மட்டும் போர்வையை விட்டு வெளியே வந்து, முழங்கை மடங்கி, விரல்கள் தாடையருகே நிற்கின்றன. தாங்கிப் பிடிக்கவும் இல்லை, கன்னத்தில் அழுந்தவும் இல்லை. தொட்டும் தொடாமலும். கண்கள் மூடியிருக்கின்றன என்று முதலில் நினைத்தேன். கிட்டே போய்க் குனிந்து பார்த்தால் இமை கீழே இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். எதையோ பார்த்துவிட்டு அதற்கப்பால் பார்க்க வேண்டாம் என்று விட்டவர் முகம்.

வெண்கலம் பழுப்பும் பச்சையுமாக இருக்கிறது. மழை நீர் வழிந்த இடங்களில் களிம்பு வெளுத்துக் கோடு கோடாக இறங்கியிருக்கிறது. முக்காட்டின் உள்பக்கம் மழை படாததால் கருமையாகவே நிற்கிறது. அதனால் பகல் பத்து மணி வெளிச்சத்திலும் முகத்தில் ஒரு மாலை நேரம் தங்கியிருக்கிறது. முழங்காலிலிருந்து பாதத்துக்கு விழும் துணி மடிப்புகளில் மட்டும் எந்தத் தயக்கமும் இல்லை, கனமான நேர்க்கோடுகள். மேலே முகத்தில் இருக்கும் குழப்பத்தை அந்த மடிப்புகள் தரையோடு கட்டிப்போடுகின்றன என்று எனக்குப் பட்டது.

எழுத்து எங்கேயும் இல்லை. பெயரில்லை, தேதியில்லை, வசனமில்லை. 1918-ல் இறந்த ஹென்றி ஆடம்ஸும் இங்கேதான் மனைவிக்குப் பக்கத்தில் கிடக்கிறார். அவர் பெயரும் இல்லை. அப்படித்தான் வேண்டும் என்று கேட்டிருந்தார்.

உருவம் பிறந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். மனைவி இறந்த அடுத்த வருஷம், 1886-ல், ஆடம்ஸ் ஓவியர் ஜான் லா ஃபார்ஜோடு ஜப்பான் போனார். புத்தர் சிலைகளையும் கன்னோன் உருவங்களையும் பார்த்தார். கன்னோன் என்பது நாம் அவலோகிதேஸ்வரர் என்று அறிந்தவரின் ஜப்பானிய வடிவம். ஆணா பெண்ணா என்று கேட்க இடம் தராத கருணை வடிவம். திரும்பி வந்து செயின்ட்-காடென்ஸிடம் வேலையைக் கொடுத்தார். புத்தகம் படிக்காதே, லா ஃபார்ஜிடம் பேசு, கிழக்கின் சிலைகளின் படங்களையும் சிஸ்டைன் தேவாலயத்தில் மைக்கேலாஞ்சலோ வரைந்தவற்றையும் பார் என்பதுதான் யோசனை. சிற்பியின் குறிப்பேட்டில் ஆடம்ஸ், புத்தர், மன அமைதி என்று சில சொற்கள் எஞ்சியிருக்கின்றன. வேலை வருஷக்கணக்கில் இழுத்தது. முடிவதற்குள் ஆடம்ஸ் 1890-ல் தென்கடல் தீவுகளுக்குக் கிளம்பிவிட்டார்.

1891-ல் சிலையை நிறுவினார்கள். சொந்தக்காரர் ஊரில் இல்லை. நண்பர் ஹே போய்ப் பார்த்துவிட்டுக் கடிதத்தில் புகழ்ந்து எழுதினார். அந்த வருஷம் செப்டம்பரில் ஆடம்ஸ் எங்கே இருந்தார் தெரியுமா? இலங்கையில். அனுராதபுரத்தில் ஸ்ரீ மகா போதியின் அடியில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். ஞானம் கிட்டாமலே எழுந்து வந்ததாகத் தன் கடிதத்தில் எழுதினார். மனைவியின் கல்லறையில் புத்தரின் அமைதியை நாடிச் செய்த உருவம் ஏற்கனவே உட்கார்ந்துவிட்டது. செய்யச் சொன்னவர் அதை இன்னும் பார்க்காமல் அரசமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். அனுராதபுரத்துத் தங்க வேலியையும் வெள்ளுடை பக்தர்களையும் பார்த்திருக்கிறவள் நான். இந்தக் கல் இருக்கையில் உட்கார்ந்தபோது இரண்டு இடமும் மனதில் ஒன்றாக வந்தன.

1892-ல்தான் அவர் நேரில் பார்த்தார். பிறகு அடிக்கடி வந்து இந்த இருக்கையில் உட்கார்ந்து, வருகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பாராம். இது என்ன அர்த்தம் என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். பாதிரியார்களுக்குக் கோபம் வந்தது, மறுமை நம்பிக்கை இல்லாத உருவம் என்று. ஊர்க்காரர்கள் 'துயரம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆடம்ஸுக்கு அது பிடிக்கவே இல்லை. 1908-ல் சிற்பியின் மகனுக்கு எழுதும்போது, என் உருவத்துக்கு யாரையும் பெயர் ஒட்ட விடாதே, பேர்ஸ் சோப்பு விளம்பரம்போல ஆக்கிவிடுவார்கள் என்று சீறியிருக்கிறார். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அதைப் பெண் உருவம் என்று சொன்னபோதும், அதற்கு ஆண் பெண் கிடையாது என்று மறுத்து எழுதினார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. துயரம் என்றால் ஒரு அழுகை இருக்க வேண்டும், ஒரு சரிவு இருக்க வேண்டும். இது சரியவில்லை. முதுகு நேராக இருக்கிறது.

நான் உட்கார்ந்திருந்தபோது ஒரு வயதான பெண்மணி வந்தார். ஊன்றுகோலை இருக்கையில் சாய்த்து வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்துத் தலையை அசைத்ததோடு சரி. அவர் போகும்வரை நாங்கள் பேசவில்லை. எலினோர் ரூஸ்வெல்ட்டும் இப்படித்தான் வந்து உட்கார்ந்திருக்கிறார். 1918-ல் கணவர் ஃபிராங்க்ளினுக்கு வேறொரு பெண்ணோடு உறவு இருப்பது தெரியவந்து மனம் உடைந்துபோன காலத்தில், தனியாக இங்கே வந்துபோவது அவருக்கு வழக்கமாக இருந்தது. 1933-ல் கணவர் ஜனாதிபதியாகப் பதவியேற்கும் தறுவாயில், தன் தோழி லொரீனா ஹிக்காக்கை அழைத்துவந்து இந்தச் சிலையைக் காட்டினார். கல்லில் ஒரு பெயர் எழுதியிருந்தால் அது க்ளோவரின் துக்கமாக இருந்திருக்கும். எழுதாததால் எலினோருக்கும் அதில் இடம் கிடைத்தது. இந்தப் பெண்மணிக்கும்.

ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆடம்ஸ் எழுதிய சுயசரிதை அமெரிக்காவில் கொண்டாடப்படுவது, இறந்த பிறகு 1919-ல் புலிட்சர் பரிசும் பெற்றது. அதில் இந்தச் சிலையைப் பற்றி எழுதுகிறார். பார்க்க வந்தவர்களைப் பற்றி எழுதுகிறார். யாருடைய கல்லறை என்று எழுதவில்லை. கல்யாணமான வருஷத்திலிருந்து இருபது வருஷத்தை அப்படியே தாண்டிப் போய்விடுகிறார். க்ளோவர் என்ற சொல்லே கிடையாது. தாங்க முடியாத துக்கம்தான் வாயைக் கட்டியது என்று பலர் சொல்கிறார்கள். இருக்கலாம். கல்லில் மௌனம் சரி, அதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். புத்தகத்திலும் மௌனம், பத்திரிகைக்குப் படம் தருவதிலும் மறுப்பு என்றால் அந்தப் பெண்ணுக்கு எங்கேதான் இடம்?

வெள்ளி, நகரத்துக்குள்

ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தில் இதே உருவத்தின் வார்ப்பு ஒன்று இருக்கிறது, முறையாக அனுமதியோடு 1969-ல் வார்த்தது. கல்லறையில் முகம் நிழலில் கிடக்கிறது என்றேன் அல்லவா, இங்கே விளக்கு வெளிச்சத்தில் மூக்கின் நேர்த்தி, உதடு மூடியிருக்கும் விதம், கழுத்தோரத்தில் துணி திரும்பும் இடம் எல்லாம் தெளிவாகத் தெரிகின்றன. படிப்பதற்கு இது, உட்காருவதற்கு அது.

இன்னொரு பிரதியும் இந்த ஊரில் உண்டு. அதன் கதை வேறு. ஃபெலிக்ஸ் ஆக்னஸ் என்ற முன்னாள் ஜெனரல், பால்டிமோரில் பத்திரிகை முதலாளி, குடும்பக் கல்லறைக்கு என்று 1900-களின் தொடக்கத்தில் ஒரு சிலையை வாங்கினார். அது செயின்ட்-காடென்ஸின் உருவத்தை அனுமதியில்லாமல் பார்த்துச் செய்தது. செய்தவர் எட்வர்ட் பாஷ். சிற்பியின் மனைவி அகஸ்டா விஷயம் தெரிந்து கொதித்துப்போனார். ஆக்னஸ், தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று விற்றவர்மீது வழக்குப் போட்டார். சிலையை மட்டும் எடுக்கவில்லை.

பைக்ஸ்வில்லில் டிரூயிட் ரிட்ஜ் கல்லறையில் அது 'பிளாக் ஆகி' என்று பெயரெடுத்துவிட்டது. ராத்திரியில் கண் சிவக்கும், மடியில் உட்கார்ந்தவர் பிழைக்கமாட்டார் என்றெல்லாம் கதை. கல்லூரிப் பையன்கள் பந்தயம் கட்டி இருட்டில் வந்து உட்காருவார்கள். 1962-ல் ஒருவர் அதன் கையையே அறுத்து எடுத்துப் போனார். கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் 1967-ல் குடும்பத்தார் சிலையை ஸ்மித்சோனியனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது அது இருப்பது லாஃபயட் சதுக்கத்தின் ஓரத்தில், டாலி மேடிசன் வீட்டுக்குப் பின்னால் உள்ள நீதிமன்ற முற்றத்தில். புதன்கிழமை நான் நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரம். காவலரிடம் கேட்டேன், முற்றத்தைக் கையால் காட்டினார். பார்த்ததும் தெரிந்தது. போர்வை அதே போர்வை, கை அதே கை. முகத்தில்தான் கோட்டை விட்டிருக்கிறார்கள். இமை தடித்து, முகம் களைத்துத் தூங்குகிறது. மூலத்தில் முகத்தை உயிரோடு வைத்திருக்கும் அந்த நிமிர்வு பிரதிக்கு வரவில்லை. க்ளோவர் கடைசியாக வாழ்ந்த தெருவின் ஓரத்தில், அவருடைய கல்லறை உருவத்தின் திருட்டுப் பிரதி. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல, அப்படி அமைந்துவிட்டது.

ஞாயிறு, சில்வர் ஸ்பிரிங்

இன்று எங்கும் போகவில்லை. காலையில் காபியோடு அக்காவும் நானும் மடிக்கணினி முன் உட்கார்ந்தோம். க்ளோவர் எடுத்த படங்களை மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகம் பாதுகாத்து வைத்திருக்கிறது, இணையத்திலும் பார்க்கலாம். அப்பாவுக்கு எழுதிய கடிதங்களும் இருக்கின்றன.

மேசைமுன் உட்கார்ந்து எழுதும் ஹென்றி. முகம் காகிதத்தின்மேல், பக்கத்தில் ஜன்னல் வெளிச்சம். வயதான மாமனாரும் மாமியாரும் குவின்சி வீட்டுத் தாழ்வாரத்தில், ஒருவரையொருவர் பார்க்காமல். அப்புறம் சின்ன மேசையில் தேநீர்க் கோப்பைகள் வைத்து, சுற்றி நாற்காலியில் நாய்களை உட்காரவைத்து எடுத்த படம். அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "இவளா அந்தக் கல்லறைக்காரி? நான் எப்பவும் அழுமூஞ்சியா இருந்திருப்பான்னு நெனச்சேன்டி" என்றாள். நாய்கள் அசையாமல் இருக்க எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று நானும் யோசித்தேன். ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம், நேரம், தட்டு எப்படி வந்தது என்றெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். சரியாக வராததையும் மறைக்காமல்.

அவருடைய முகம் தெளிவாக இருக்கும் படம் மட்டும் கிடைப்பது அரிது. 1869-ல் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் படம்தான் பெரும்பாலும் கண்ணில் படுகிறது. அதில் தொப்பி நிழல் முகத்தில் விழுந்துவிட்டது.

ராக் க்ரீக் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சிலையைப் பார்க்கும் முன்போ பின்போ, இந்த ஆல்பங்களையும் பாருங்கள். வாஷிங்டனில் ஆடம்ஸின் நினைவு போதுமான அளவு இருக்கிறது. க்ளோவர் இருப்பது பாஸ்டனில், தன் கையால் ஒட்டிய பக்கங்களில். ஆல்பத்தை நேரில் பார்க்க முடியுமா என்று கழகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். பதில் எதுவாக இருந்தாலும் செவ்வாய்க்கிழமை யூனியன் ஸ்டேஷனில் பாஸ்டன் ரயில் ஏறுகிறேன். அங்கே செயின்ட்-காடென்ஸ் 1897-ல் முடித்த ராபர்ட் கூல்ட் ஷா நினைவுச் சின்னமும் இருக்கிறது. அடுத்த குறிப்பு அங்கிருந்து.